மலோவின் உள்ளங்கை விலாசம்

"முதல்ல பதிவேட்டுல எழுது, அப்புறம் கையில எடுன்னு எத்தனை தடவடா சொல்ல..."

"நடுவுல ரெண்டே வரிக்கா! ரெண்டு வரிக்குள்ள என்ன குடி முழுகிடப்..."

"மீன்கடை முழுகிச்சே! மூணு நாள் நாறிச்சே!"

மீன்கடை விஷயம் உண்மை. கெர்லவானில் கட்டடங்கள் இடம் மாறும். இந்தப் போன் பேச்சுக்கு ஆறு வருஷம் முன்பு நகரமன்றம் ஊரின் வீட்டுக் கணக்கை, எனோராவும் அவள் தம்பி மலோவும் சேர்ந்து எழுதிய கணினி நிரலிடம் ஒப்படைத்தது. எனோராவின் பாதி ஓகேமல் என்ற கணினி மொழியில். அந்த மொழிக்குள் ஒரு துப்புரவுக்காரி உண்டு. யாரும் பிடித்திருக்காததைத் துடைத்துவிடுவாள், மிச்சத்தை நெருக்கி அடுக்குவாள். அவளுக்கு நேரங்காலம் கிடையாது. யாராவது புதிதாக ஒன்று கேட்டு, இடம் போதாவிட்டால் எழுந்துகொள்வாள். பூட்டுகளோடு பேசும் மலோவின் பாதி சி மொழியில். அந்தப் பக்கம் அவள் கண் எட்டாது. ஆகவே சி எதையாவது கையில் எடுக்கும் முன், 'இது என் பிடியில்' என்று அவளுடைய பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதினால், பொருள் எங்கே நகர்ந்தாலும் புது இடம் தெரிந்துவிடும். மலோ எழுதவில்லை. மீன்கடை தேவாலயத்துக்குப் பின்னால் போயிருக்க, அவன் நிரல் பழைய இடத்துக்கே சாவி அனுப்பிக்கொண்டிருந்தது.

நிரலின் வழக்கம் முதல் வாரமே ஊருக்கும் தொற்றிவிட்டது. ரொட்டிக்கடை இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது. ரொட்டி விலை ஏறாததால் யாரும் பெரிதுபண்ணவில்லை. ஒவ்வொரு வீட்டையும் வேறொருவர் நகரமன்றப் பதிவேட்டில் தன் பெயரை எழுதிப் பிடித்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. பிடித்திருப்பவரின் கோட்டுப் பையில், வீடு நகரும்போதெல்லாம் புது விலாசத்தோடு ஒரு சீட்டு கிடக்கும். பிடிக்க ஆளில்லாத வீடு போய்விடும், உள்ளே இருப்பவரோடு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். அன்று அவர் நாய் மட்டும் வெளியே இருந்தது.

எனோராவின் பழைய வீட்டைப் பிடித்திருந்தவள் அம்மா. மார்ச்சில் அம்மா இறந்ததும் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்கள். பழைய வீடுகளைத் துப்புரவுக்காரி அடிக்கடி சோதிப்பதில்லை. சோதிக்காமல் விடுவதும் இல்லை. மிச்சம் இருந்தது மலோ ஒருவன். ஐம்பத்தேழு வயது, கல்யாணம் இல்லை, எதையும் தானே கையால் பார்த்துக்கொண்டு பழகியவன். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்பும் அக்காவுக்குப் போன் போட்டு, விலாசத்தைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வான். அந்தப் போனைத் தவிர அவளுக்கு வாரத்தில் வேறு குரல் இல்லை, அவனுக்கும் இல்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

"நிரலை விடு. என் வீட்டுக்கு உன் பேரை எப்ப எழுதப் போற?"

"உன்னைக் கையிலயே வச்சிருக்கேனேக்கா."

"கையை ஒரு நாள் கழுவுவேல்ல?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று நாள் மலோ கை கழுவவில்லை. நாலாம் நாள் நகரமன்றத்துக்குப் போனான். குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி, அம்மாவின் அடித்த பெயருக்குக் கீழே இருந்த வெற்று வரியைக் காட்டினாள். "இங்கயே எழுதிடுங்க முசியே, ஒரு நிமிஷ வேலை."

அடித்த பெயருக்குக் கீழே ஒண்டிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. "புதுத் தாள் ஒண்ணு குடுங்க."

தாளைக் கொடுத்தாள். தரை லேசாக அதிர்ந்தது, பக்கத்தில் ரயில் போவது போல. துப்புரவுக்காரி எழுந்தால் அப்படித்தான் அதிரும்; கெர்லவான்காரர்கள் அதற்கெல்லாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மலோ உள்ளங்கையைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில் விலாசத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டான். பிறகு வெண்ணெய்க் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு, அக்காவிடம் நேரில் சொல்லலாம் என்று நடந்தான்.

விலாசம் சொன்ன இடத்தில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே வெற்று மனை. புல் கூட இல்லை. பன்னிரண்டு முறை போன் அடித்தான். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு கடை சாத்தும்வரை செருப்புக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தான்.

பதிவேட்டின்படி தவறு எதுவும் இல்லை: மலோவின் பிடியில் ஒரு மனை இருக்கிறது. பிடித்திருப்பதால் அது அழியவில்லை. மற்ற வீடுகளைப் போலவே ஊருக்குள் நகர்கிறது. ஒரு வருஷம் துறைமுகத்தருகே இருந்தது, பிறகு பள்ளிக்கூடத்தை ஒட்டி. ஒவ்வொரு முறையும் அவன் பையில் சீட்டு வரும், அவனும் போவான். யாரும் அதில் கார் நிறுத்துவதில்லை. எனோராவுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரப் பெண் அங்கே ஒரு கல்லுக்கடியில் வைக்கிறாள். வீடு போன ஒன்பதாம் வருஷம் நகரமன்றம் அதற்குக் கதவிலக்கமும் கொடுத்தது.

போன ஞாயிறு சீட்டு அவனை மாதா கோயில் சந்துக்குக் கூட்டிப்போனது. கடலிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மனையின் ஓரத்தில், வாசல் இருக்க வேண்டிய இடத்தில், மலோ தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அக்கா, மழை வலுக்குது. உள்ள வரட்டுமா?"