கனகரெத்தினம் பெயரில் ஒரு கார்

மசூர் மணிக்கு நூற்று இருபத்தேழு கிலோமீற்றரில் போனதற்குக் காரணம் எதுவும் இல்லை. சாய்ந்தமருதில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வயது நாற்பத்தாறு. கொழும்பில் கண்ணாடி வில்லைகள் வாங்கிக்கொண்டு, நூறைத் தாண்டக்கூடாத தெற்கு அதிவேகப் பாதையால் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பாதை வெறுமையாகக் கிடந்தது. ஊரில் மாடும் ஓட்டோவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இல்லாத நூறு யார் வீதிகூடக் கிடைக்காது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லை. அவர் காலை அழுத்தினார். அது அவருக்குப் பிடித்திருந்தது.

மேம்பாலமொன்றின் நிழலில் பொலிஸ்காரர் ஒருவர் கமராவோடு நின்றதைக் கடந்து போன பிறகுதான் கண்டார்.

வெளியேறும் இடத்தில் மறிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சீட்டைக் கொடுத்தார், காசைக் கொடுத்தார், தடுப்புக் கம்பம் உயர்ந்தது. ஒருவரும் மறிக்கவில்லை.

அடுத்த நாள் பக்கத்துப் பாமசிக்கார அபுல் ஹஸனிடம் விசாரித்தார்.

"இப்ப எல்லாரையும் மறிக்கிற இல்ல. படத்தப் பாத்துட்டு ஊட்டுக்கு அனுப்புறானுகளாம். சிலருக்கு ஒரு மாசத்தால வருது. சிலருக்கு வாறதே இல்ல" என்றார் அபுல் ஹஸன்.

"யாரிட ஊட்டுக்கு?"

"கார் யாருட பேரில இரிக்கோ, அவருட ஊட்டுக்குத்தான்."

மசூரின் கார் மசூரின் பெயரில் இல்லை. அது காரைதீவுக் கனகரெத்தினத்தின் பெயரில் இருந்தது.

கனகரெத்தினம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சவளக்கடைப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. கண்ணில் வெள்ளை படர்ந்து ஓட்ட முடியாமல் போனபோது, தனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மசூருக்கே தன் வெள்ளை அக்ஸியோ காரை விற்றார். உரிமை மாற்றும் படிவங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்து, "கெதியா மாத்திப் போடுங்க தம்பி" என்றார். மசூர் "இந்தக் கிழமையே" என்றார். நான்கு வருடமாகிவிட்டது. படிவங்கள் அலுமாரியில் கிடந்தன.

"போய்ச் சொல்லுங்களன்" என்றாள் மனைவி றுஸ்தா. "இப்பிடி ஒரு கடிதம் வரும் ஐயா, வந்தா எனக்குத் தாங்க எண்டு சொல்ல எவ்வளவு நேரம்?"

"வராட்டி? வராத ஒண்டுக்காகப் போய் நாலு வருசமா மாத்தல்ல எண்டு நானே காட்டிக் குடுக்கிறதா?"

"வந்தா?"

"வந்தாப் பாப்பம்."

அவர் பார்க்கத்தான் தொடங்கினார். இரண்டாம் கிழமை, கண்ணாடியின் கால் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு காரைதீவுக்குப் போனார். கனகரெத்தினம் சந்தோஷப்பட்டார். மனைவி செல்லத்தங்கம் தேத்தண்ணியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். முன்னறையில் தொலைக்காட்சிக்குக் கீழே கடிதங்கள் வைக்கிற தட்டு ஒன்று இருந்தது. மின்சாரப் பட்டியல், கோயில் திருவிழா அழைப்பு. வேறொன்றும் இல்லை.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார் என்று பேச்சோடு பேச்சாக அறிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் போனதெல்லாம் பதினொன்றரைக்குத்தான். ஒரு நாள் புதுச் சட்டகங்கள் காட்டப் போனார். இன்னொரு நாள் செல்லத்தங்கத்தின் கண்ணை இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொன்னார்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கிறதுக்கு மட்டுந்தான் கஷ்டம் தம்பி" என்றார் அவர். "உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"

"சிரமம் என்னம்மா. கடைக்கு ஒருக்கா வாங்க."

தட்டில் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை. ஐந்தாம் கிழமை முடிந்தபோது, படம் சரியாக விழவில்லை என்று மசூர் தீர்மானித்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார். றுஸ்தாவிடம், "நான் சொன்னந்தானே" என்றார்.

நாற்பத்தோராம் நாள், கனகரெத்தினத்துக்குச் செய்த புதுக் கண்ணாடியைக் கொடுக்கப் போனவர், கேற்றில் பூட்டுத் தொங்குவதைக் கண்டார். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் பார்த்தாள்.

"அவங்க இல்ல. நேத்துக் காலையில மோட்டார் சைக்கிள்ல பொலிஸ் வந்து, ஐயாவ ஸ்ரேசனுக்கு வரச் சொல்லிட்டுப் போனது. ஏன் எதுக்கெண்டு சொல்லல்ல. தங்கமக்கா அவரப் போக விடல்ல. சோறு அடுப்பில கிடக்கக்கிடக்க ஓட்டோ பிடிச்சு மகள்ட வீட்ட போயிட்டாங்க, திருக்கோவிலுக்கு."

மசூர் கேற்றடியில் நின்றபடியே கனகரெத்தினத்துக்கு போன் எடுத்தார். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கடைக்குத் திரும்பிப் போவதா என்று யோசித்தார். காரில் ஏறித் தெற்கே திருப்பினார். நிந்தவூரில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பஸ்ஸொன்றுக்குப் பின்னால் நீண்ட நேரம் ஊர்ந்தார்.

திருக்கோவிலில் மகள் கஜனி கதவைத் திறக்கவில்லை. ஜன்னலால், "யாரு?" என்றாள்.

"சாய்ந்தமருது மசூர். கண்ணாடிக் கடை. ஐயாவக் காணோணும்."

கனகரெத்தினம் வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம். அவருக்குப் பின்னால் செல்லத்தங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மசூர் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"பொலிஸ் வந்தது என்னாலதான் ஐயா. நான்தான் காரக் கடுமையா ஓடின. அது இன்னும் உங்கட பேரில இரிக்கி. மாத்தல்ல நான்."

கனகரெத்தினம் மூச்சை விட்டார். "வேகமா ஓடினதுக்கா? அவ்வளவுதானா?" சிரிக்கப் பார்த்தார். "தங்கம், கேட்டியா? காருக்காம்."

செல்லத்தங்கம் சிரிக்கவில்லை.

"எத்தின நாளாத் தெரியும் தம்பி உங்களுக்கு, இப்பிடி வருமெண்டு?"

"நாப்பது நாள் இரிக்கும்."

"அப்ப, எங்கட வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்ச நேரமெல்லாம் தெரியும்."

"ஓம்."

செல்லத்தங்கம் உள்ளே போய்விட்டார்.

கனகரெத்தினம் சட்டை மாற்றிக்கொண்டு காரில் ஏறினார். அக்கரைப்பற்றைத் தாண்டினார்கள். பிறகு வீதியைப் பார்த்தபடி சொன்னார்:

"தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள்ள தங்கத்திட தம்பிக்கும் இப்பிடித்தான். ஒரு சின்ன விசாரணை, வந்திட்டுப் போகச் சொல்லி ஆள் வந்தது. பின்னேரம் வந்திருவன் எண்டு சாரத்தோட போனவன், வரவேயில்ல. இவதான் போகச் சொன்னவ. போகாட்டிச் சந்தேகப்படுவாங்க எண்டு."

மசூர், "நான் அறியல்ல ஐயா" என்றார்.

"எப்பிடி அறிவீங்க? நாங்க சொல்லல்லயே."

பொலிஸில் அவர்களுக்குக் கதிரை கொடுத்தார்கள். சார்ஜன் இளைஞர், தமிழில் கதைத்தார். மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெள்ளைக் காரின் படம், இலக்கத் தகடு, திகதி, நேரம், நூற்று இருபத்தேழு. ஓட்டியவரின் முகம் கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தில் மறைந்திருந்தது.

"யார் ஓடின?"

"நான்" என்றார் மசூர்.

தபாற்கந்தோரில் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாமாக ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. போகும்போது சார்ஜன், "ஐயா, காரில இருந்து உங்கட பேர முதல்ல மாத்தி எடுங்க. இதால ஒரு ஆளை அடிச்சுப் போட்டிருந்தாலும் உங்களைத்தான் தேடி வந்திருப்பம்" என்றார். கனகரெத்தினம் தலையாட்டினார்.

மோட்டார் வாகனக் கந்தோரில், பழைய படிவங்கள் செல்லாது என்று சொன்னார்கள். புதிதாக எடுத்து, அடுத்த கிழமை கனகரெத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போய் மசூர் மாற்றத்தை முடித்தார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் முறை கனகரெத்தினம், "எனக்கிட்டக் கேட்டுக் காரியமில்ல தம்பி" என்றார்.

"அம்மா?"

"இப்ப வீட்டதான். கேற் சத்தம் கேட்டா எழும்பி ஒருக்காப் பாக்கிறா. அந்தப் பழக்கம் நிண்டு கனகாலம், இப்ப திரும்ப வந்திட்டு."

மசூர் அதை றுஸ்தாவிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "நானும் வாறன், ஒருக்காப் போய்க் கண்டுட்டு வருவம்" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு போனார்கள். செல்லத்தங்கம் றுஸ்தாவை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், உம்மாவின் சீனி வருத்தத்தைப் பற்றிக் கேட்டார். மசூர் முன்னறையில் கனகரெத்தினத்தோடு இருந்தார். தேத்தண்ணி எல்லாருக்கும் வந்தது. மசூருக்குரியதை, தாயோடு நிற்க வந்திருந்த கஜனி கொண்டுவந்து வைத்தாள்.

கார்த்திகை மழை தொடங்கியிருந்தபோது, கல்முனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்த செல்லத்தங்கத்தை மசூர் கண்டார். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவர் நேராகப் பார்த்தார்.

"றுஸ்தா சுகமா?"

"சுகமம்மா."

"கேட்டதாச் சொல்லுங்க" என்றார். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை கேட்கத் தொடங்கினார்.