ஆறு மாதக் குழந்தையின் கடைவாய்ப் பல்

...பல், அந்தப் பல்தான், ஆறு மாதக் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் எப்படி முளைக்கும், சரவணம்பட்டியில் ஐ.டி.காரர்களின் பிள்ளைகளைப் பதினோரு வருடமாகக் காப்பகத்தில் வளர்க்கிறவள் நான், எத்தனை வாயைத் துடைத்திருப்பேன், எனக்குத் தெரியாதா? லண்டனில் குழந்தை பார்க்கும் வேலை, பாஸ்போர்ட்டோடு சென்னைக்கு வாருங்கள் என்று வாட்ஸப்பில் வந்த கடிதத்தோடு அந்தப் படம், வாய் கொள்ளாமல் சிரிக்கும் ஆலிவர், வயது ஆறு மாதம். வால்பாறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியபோது வந்து விழுந்த மெசேஜை இப்போதுதான் திறந்தேன், கூட வேலை பார்க்கும் ஜோஸ்லின் அனுப்பியது, 'அக்கா, எனக்கும் கெடச்சிருச்சுங்க, மூணு மணி ரயிலுக்குச் சென்னை போறேனுங்க.' கீழே அவளுக்கு வந்த படம், அதே குழந்தை, அதே பல், பெயர் மட்டும் ஹென்றி, ஊர் டொரண்டோ. ஐயோ, ஆண்டவரே!

போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. இருபத்தாறாவது வளைவு, இன்னும் இருபத்தைந்து வளைவு இறங்கினால்தான் ஆழியாறு, மணி இரண்டே கால், இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறான்... பிள்ளையை விட்டுப் போகிற எந்தத் தாயும் நூறு கேள்வி கேட்பாள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வீங்க, தூங்கலைன்னா எப்படித் தூங்க வைப்பீங்க... ஆலிவரின் தாய் என்று எழுதிய இந்தம்மா ஒன்றாவது கேட்டாளா? கேட்டதெல்லாம் என்னைப் பற்றித்தான், தனியாகத்தானே வருகிறீர்கள், உங்களைத் தேட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. எனக்கு அண்ணன் இரண்டு பேர் என்று எழுதினேன், அதற்கப்புறம் பதிலே குறைந்துவிட்டது. ஜோஸ்லினுக்கு யார்? புருஷன் செத்துப்போனவள், நாலு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். யாருமில்லைங்க என்று அப்பாவியாக எழுதியிருப்பாளே.

எல்லாம் என்னால்தான். கைக்கு வருமுன்னே விசுவாசத்தோடு நன்றி சொல்லிவிட வேண்டும், அதுதான் எங்கள் சபை வழக்கம். போன ஞாயிறு பாஸ்டர் என் பேரைக் கூப்பிட்டார், எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னேன், கர்த்தர் எனக்கு லண்டன் கதவைத் திறந்தார் என்று. அல்லேலூயா என்றது சபை. வெளியே வந்ததும் ஜோஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டாள், 'அந்த நம்பரை எனக்கும் குடுங்கக்கா.' கொடுத்தேனே, பாவி, என் கையாலேயே கொடுத்தேனே!

ஆழியாறு. சிக்னல். மணி மூன்று ஐந்து. ஜோஸ்லின் மூன்றாவது தடவைதான் எடுத்தாள், பின்னால் ரயில் சத்தம், "வண்டி எடுத்துட்டாங்கக்கா." திருப்பூர்ல எறங்கிரு கண்ணு, அது பொய்யி, ரெண்டு பேருக்கும் ஒரே கொழந்தைய அனுப்பிருக்காங்க, அந்தப் பல்லைப் பாரு, ஆறு மாசத்துக்கு அந்தப் பல்லு வருமா என்று கத்தினேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. படத்தைப் பார்க்கிறாள் போலிருக்கிறது. பிறகு மெதுவாக, "ஏனுங்கக்கா, அன்னைக்கு அழுதுட்டே சாட்சி சொன்னீங்களே, அப்பத் தெரியலீங்களா?"

இப்பத்தான் பார்த்தேன் கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், சபைக்குக் கட்ட வேண்டிய சேலையைத் தேய்த்துக்கொண்டே அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன், அந்தப் பல்லைப் பார்த்தேன், உடனே போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் சாட்சிக்குப் பாஸ்டரிடம் ஏற்கெனவே பேர் கொடுத்திருந்தேன்.