கரண்டு கித்தார்

கொதிகலனுக்குள் நுழையும் ஓட்டை ஓர் ஆளின் தோளகலம்தான். கையை முதலில் விட்டு, தலையைச் சாய்த்து, இடுப்பை நெளித்து எத்திராஜ் உள்ளே போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் வெளியே வருவான். துறைமுகத்தில் பழுதுக்கு நிற்கும் கப்பல்களில் துரு தட்டுவது அவனுக்குப் பதினோரு வருஷப் பிழைப்பு. நாலு பேர், நாலு சுத்தியல், சுற்றிலும் இரும்பு. அதற்குள் வாயால் பேசி எவனுக்குக் கேட்கப்போகிறது? கட்டைவிரலைத் தூக்கினால் தண்ணீர். மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறான். மிச்சத்துக்கு உதட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

யந்திரம் துடைக்கும் பஞ்சைக் கொஞ்சம் கிள்ளிக் காதில் அடைத்தால் தேவலை. மேஸ்திரி பொன்னுரங்கம் விட்டால்தானே! வாசலிலேயே நிறுத்திக் காதைப் பார்ப்பான். "காத அட்ச்சிகினா நான் கூப்டறது எப்டிடா கேக்கும்?"

அந்தச் சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் எத்திராஜ் நேரே ராயபுரம் ரயில்வே குடியிருப்புக்கு நடந்தான். அங்கே ஹென்றி துரை வீட்டில்தான் அவன் பெண்சாதி பவுனம்மாள் துணி துவைக்கிறாள். கூடப் போகிற மகள் மலர்க்கொடிக்கு ஒன்பது வயது. துரை தன் மகனுக்குக் கித்தார் சொல்லிக்கொடுக்க, வாசற்படியில் உட்கார்ந்திருந்த இவள் பிடித்துக்கொண்டாள். பையனைவிட இந்தப் பெண்ணுக்குத்தான் விரல் பேசுகிறது என்று துரையே சொன்னாராம். இப்போது துரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறார். பையனுடைய சின்னக் கித்தார் விலைக்கு வந்திருக்கிறது.

ஊரெல்லாம் கேட்டாயிற்று, பெற்றவன் ஒருநாள் கேட்டதில்லை. மகள் வாசித்துக் காதாரக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்காகவே ஆறு ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காமல் கொதிகலனுக்குள் இறங்கியிருந்தான்.

"இது கரண்ட் கித்தார், எத்திராஜ்" என்றார் ஹென்றி, அவன் முகத்துக்கு நேரே நின்று. "சத்தத்தைப் பெரிசாக்குற பெட்டிய வேற ஒருத்தன் வாங்கிட்டான். பெட்டி இல்லாம சின்னதாத்தான் கேக்கும். அதான் சல்லிசா தர்றேன்."

எத்திராஜ் ஒரு கம்பியை இழுத்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஜட்கா வண்டி போய்க்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்!

"பர்வால்ல தொர. வூட்ல கதவ சாத்திகினு கேட்டா கேக்கும்."

காசிமேட்டுக் குடிசையில் விளக்கேற்றியதும் மலர்க்கொடி கித்தாரை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. எத்திராஜ் சப்பணமிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"வாசி கண்ணு. நைனா கண்ண மூடிகினு கேக்கறேன்."

கண்ணை மூடினான். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. சனியன், இன்றைக்கென்று என்ன இரைச்சல்! பொறுத்துப் பார்த்தான். கம்பியைத் திருகிச் சரிபண்ணுகிறாள் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"இன்னா கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலியா?"

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"முட்ச்சிட்டேன் நைனா."

எத்திராஜ் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கதவு எப்போதோ திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளாடாத. இன்னொரு தபா வாசி."

வாசித்தாள். குட்டி விரல்கள் கம்பிகளில் ஓடின, ஏறின, இறங்கின. கோவிந்தம்மா மடியிலிருந்த கைக்குழந்தை அதற்குத் தக்கபடி தலையை ஆட்டியது. குழந்தைக்குக் கேட்கிறது!

"பவுனு... உனக்குக் கேக்குதாடி?"

"இன்னாயா கேக்கற நீ? தெளிவா கேக்குதே!" பவுனம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாகத் தோளைத் தொட்டுத்தான் அவனைக் கூப்பிடுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, என் ராசா!"

அவன் எழுந்து வெளியே ஓடினான். நாற்பதடி தள்ளி அலை எழும்பி மடங்கி உடைந்தது. சத்தம் இல்லை. அடுத்த அலை உடைந்தது. அதற்கும் இல்லை. காதுக்குள் அந்த இரைச்சல் மட்டும், அலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிறு முழுக்கப் பவுனம்மாள் வேறு வேலை தேடச் சொன்னாள். செவிடனுக்கு எவன் வேலை கொடுப்பான்? திங்கள் காலை மலர்க்கொடி தன் தலையணை மூலையைப் பிரித்தாள். பஞ்சை உருட்டி உருட்டி அவன் காதுகளில் வைத்து அடைத்தாள். முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"மிச்சம் மீதியாவது இருக்கட்டும் நைனா."

கப்பல் வாசலில் பொன்னுரங்கம் அவனை நிறுத்தினான். தாடையைப் பிடித்துத் திருப்பி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினான். உதடு அசைந்தது. அது என்ன சொல்கிறது என்று எத்திராஜுக்கு மனப்பாடம்.

"கேக்குது மேஸ்திரி" என்றான் அவசரமாக. "நல்லா கேக்குது."

பொன்னுரங்கம் அந்தப் பஞ்சால் தன் கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்து, மணி பார்த்தான். எத்திராஜ் சுத்தியலை எடுத்துக்கொண்டு, கையை முதலில் விட்டு, ஓட்டைக்குள் தலையைச் சாய்த்தான்.