வெந்நீர்ப் பைக்குள் முத்துமாலை

“நல்லா அமுக்குதுடா. இப்பல்லாம் உள்ளே கூழாங்கல்லு போட்டே விக்கிறாங்களா?”

“எதுல அத்தை?”

“இந்த வெந்நீர்ப் பையிலதான். புரண்டு படுத்தா கரகரன்னு உருளுது. இடுப்புக்கு எவ்வளவு இதமா இருக்குங்கிற!”

அவன் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. வலி அத்தைக்கு, உயிர் போனது அவனுக்கு.

அந்தச் சிவப்பு ரப்பர்ப் பை குளியலறை அலமாரியின் அடித்தட்டில், பழைய துண்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. அதற்குள்தான் மாமியார் விட்டுப்போன முத்துமாலை இருந்தது. அவன் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரே மாலை. ஒரு வருடம் இவளிடம், மறு வருடம் அவளிடம் என்று பேச்சு. அக்காவின் வருடம் முடிந்துவிட்டது. வாங்கிப் போகத் தங்கை சாயங்காலம் வருகிறாள்.

அவனுக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீசில், திருட்டுப் பிரிவில். யார் வீட்டில் எதை எங்கே ஒளித்து வைத்து எப்படிப் பறிகொடுத்தார்கள் என்று படித்துப் படித்து, திருடர்களின் மண்டைக்குள்ளேயே வாடகைக்குக் குடியிருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு. ஆபீசில் ஒரு கோப்பு மூடினால் வீட்டில் ஒரு நகை இடம் மாறும். மெத்தைக்கு அடியிலிருந்து திருடு போனதாக ஒரு கோப்பு வந்தது; கம்மல் திரைச்சீலை மடிப்புக்குப் போனது. அலாரம் கடிகாரத்துக்குள்ளிருந்தே திருடியதாக இன்னொன்று வந்தது. மனைவியின் பச்சைக்கல் மோதிரம் எவனும் கனவிலும் நினைக்க முடியாத ஓர் இடத்துக்குப் போனது. அவ்வளவு அருமையான இடம். அது எந்த இடம் என்பதுதான் கொஞ்ச நாளாக அவனுக்கும் பிடிபடவில்லை.

எந்தத் திருடனாவது இடுப்பு வலியோடு வருவானா என்று யோசித்துத்தான் வெந்நீர்ப் பையைத் தேர்ந்தெடுத்தான். திருடன் வரவில்லை. அத்தை வந்தாள்.

“ஆறிப் போயிருக்கும் அத்தை, குடுங்க. வேற தண்ணி ஊத்திட்டு வரேன்.”

சமையலறைத் தொட்டியில் பையைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

“டீ வடிகட்டியில என்ன பிடிக்கிறீங்க?”

“முத்து.”

அவள் எட்டிப் பார்த்தாள். மாலை வடிகட்டிக்குள் சுருண்டு கிடந்தது. பளபளப்பெல்லாம் போய், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். கயிற்று முடிச்சுகளெல்லாம் ஊறி உப்பியிருந்தன.

“முத்துக்குச் சூடு ஆகாது, செண்ட் ஆகாது, வேர்வை ஆகாதுன்னு என்னைத் தொடக்கூட விடலையே நீங்க!”

“ஆகாதுதான்.”

“அப்போ இது?”

ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரோ அவனை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இருந்தாலும் நிபுணன் சும்மா இருப்பானா? “ஈரத்தோட தொங்கவிடக் கூடாது, கயிறு இழுத்துக்கும்” என்று சொல்லி, மாலையை ஒரு துண்டின்மேல் நீளமாகப் படுக்க வைத்தான். மனைவி பார்த்த பார்வையில் அந்தத் துண்டே காய்ந்திருக்கும்.

தங்கை வருவதற்குள் மூன்று பொய்களைத் தயார் செய்தான். முதல் பொய்யில் பாலிஷ் கடை வந்தது, இரண்டாவதில் மழை. மூன்றாவதில் அத்தையையே குற்றவாளியாக்கினான். அழைப்பு மணி அடித்ததும் மூன்றும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு விழுந்தன.

“மாலையை வெந்நீர்ப் பையில ஒளிச்சு வெச்சேன். அத்தை அதுல வெந்நீர் ஊத்திட்டாங்க” என்றான், அவள் செருப்பைக் கழற்றும் முன்பே.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். திட்டுவாள் என்றும் நினைத்தான். அவள் துண்டோடு மாலையை ஏந்தி ஜன்னலோரம் போய் முகர்ந்து பார்த்தாள்.

“அம்மா வாசனை போயிடுச்சு” என்றாள். “ரப்பர் வாசனைதான் வருது.”

உள் அறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: “பை என்னடா ஆச்சு? ஒரு கல்லு குறையாம கொண்டா!”

தங்கை திரும்பி, “அக்கா, இந்த வருஷம் இதை எங்கெல்லாம் போட்டுட்டுப் போனே?” என்று கேட்டாள்.

“எங்கே போட்டேன்? பத்திரமா இருந்துச்சு.”

“ஒரு தடவைகூடவா போடலை?”

“இவர்தான் பத்திரமா வெச்சிருந்தாரே.”

“அம்மா வெங்காயம் நறுக்கும்போதுகூடப் போட்டிருப்பாங்களேக்கா!”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சுவரில் இல்லாத ஓர் ஆணியைக் கூர்ந்து பார்த்தான். அவ்வளவு கோப்பு படித்தும் இந்த வீட்டில் வருடம் முழுக்க நடந்த திருட்டு அவன் கண்ணில் படவில்லை. உள்ளே இருந்துகொண்டே கொள்ளையடித்தவனை எந்தப் பூட்டு என்ன செய்யும்?

“எனக்கு இப்ப வேண்டாம்” என்றாள் தங்கை. “நல்லா காயட்டும். புதுக் கயிறுல கோத்துட்டு நீயே போட்டுக்கோ. கடைக்குப் போறப்ப, மாவு பிசையறப்ப, எப்பவும். அம்மா மேல இருந்த மாதிரி ஆனதும் வந்து வாங்கிக்கிறேன்.”

“ஆகுமா மாமா?” என்று அவள் அவனைக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

மனைவி ஈர மாலையை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, வெகு நாளாக மறந்திருந்த எதையோ நினைத்துக்கொண்டவள் போல முகம் மலர, வெறும் விரல்களை விரித்து அவன் முன்னால் நீட்டினாள்.

“இது காயற வரைக்கும் அந்தப் பச்சைக்கல் மோதிரத்தையாவது போட்டுக்கிறேன். எடுத்துட்டு வாங்களேன்.”