உறைக்குள் ஒரு கட்டம்

பஸ் டிப்போ செஸ் அணியின் தலைவி காலையிலேயே தன் அண்ணியிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"பயந்து பயந்து பின்வாங்குறதே உங்க வேலையாப் போச்சு. இன்னிக்கு ஒரு அடி பின்னால வெச்சீங்க, அப்புறம் உங்ககூடப் பேச மாட்டேன்."

டிப்போவில் பஸ் ஓட்டும் அண்ணி தலையாட்டிக்கொண்டாள்.

கடைசிச் சுற்றில் அண்ணியின் ஆட்டம் மட்டும்தான் பாக்கி. டிரா செய்தால் அணி முதல் பிரிவுக்கு ஏறும். தோற்றால் பழையபடி கீழேதான். சாப்பாட்டு வேளை வந்ததும், போட்டி வழக்கப்படி, அண்ணி தன் அடுத்த நகர்வைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்தாள். இனி மாற்ற முடியாது.

"என்ன எழுதினீங்க?"

"சொல்ல மாட்டேன். உன் மூஞ்சி நோட்டீஸ் போர்டு மாதிரி. பக்கத்து மேசையிலதான் என் எதிராளி சாப்பிட்டுட்டிருக்கார்."

தலைவியான நாத்தனார் தன் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உப்பு டப்பாவை அண்ணியின் ராஜாவாக வைத்தாள். எதிரே எதிராளியின் ஒரே சிப்பாய், அதன் பின்னால் அவருடைய ராஜா. வேறு காய் இல்லை. சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும், கதை முடிந்தது.

டப்பாவை இடப்பக்கம் சாய்வாக நகர்த்தினாள். எதிரி ராஜா நேரெதிரே வந்து நின்றது. சிப்பாய் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கமும் அதே கதி.

"ஒரு உலக சாம்பியனே இந்த இடத்துல சாய்ஞ்சு போய்த் தோத்தாராமே. நம்ம ஓய்வறைச் சுவத்துல பேப்பர் ஒட்டியிருக்கே."

"நானும் படிச்சிருக்கேன். நீ சாப்பிடு."

கடைசியாக டப்பாவை நேர் பின்னால் வைத்தாள். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் எதிரே போய் நிற்க முடிந்தது. முடிவில் அண்ணியின் ராஜா நகர இடமில்லாமல் நிற்கும். அது டிரா.

ஒரே வழி. அதுவும் பின்னால்.

நாத்தனார் டப்பாவை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். 'என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?'

சாப்பாட்டு வேளை முடிந்ததும் நடுவர் உறையைக் கிழித்தார். தாளைப் பார்த்து அண்ணியின் ராஜாவை எடுத்தார். நேர் பின்னால் வைத்தார்.

ஐந்தாறு நகர்வுகளுக்குப் பிறகு எதிராளி சிரித்துக்கொண்டே டிரா என்று கை நீட்டினார்.

"நான் அவ்வளவு சொல்லியும் எப்படி அண்ணி?"

"தினம் முப்பத்தாறு அடி பஸ்ஸை நேரா ரிவர்ஸ்ல விட்டு ஷெட்டுல சொருகறேன். அதைப் பயம்னு சொன்னது நீ ஒருத்திதான்." அண்ணி பையைத் தோளில் மாட்டினாள். "ஆமா, பேச மாட்டேன்னியே?"

"நாளையிலேருந்து பேசலை. இப்ப முதல் பிரிவுல நீங்க எந்த போர்டுல உட்காரணும்னு முடிவு பண்ணணும். வாங்க, சாப்பாடு ஆறிப்போச்சு."