பேராசிரியரின் மேல்முறையீடு

பேராசிரியர் எக்கார்ட் லிண்ட்னர் ஜெர்மனியில் சட்டத் தத்துவம் கற்பித்தவர். தீர்ப்பு தவறானாலும் மேல் நீதிமன்றம் மாற்றும்வரை அதற்குப் பணிய வேண்டும் என்று வாதிட்டு எழுதியே பெயர் எடுத்தார். இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்காரி ஒருத்தியை மணந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்றார். மனைவி இறந்தபின் ஒருநாள் வழி தவறி, பக்கத்து ஊரான பகேரியாவில் அலைந்தார். அதைக் காட்டி, மனைவியின் முதல் திருமணத்து மகள் ரொசாலியா நீதிமன்றத்தின் மூலம் அவருக்குப் பொறுப்பாளரானாள். அவள் சம்மதமின்றி அவர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது தீர்ப்பு.

அவரைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டிலேயே தங்கியிருந்தவள் நிரோசினி. மனைவியின் நினைவு நாளன்று கல்லறைக்குப் போக அவர் கேட்டார். ரொசாலியா மறுத்துவிட்டாள். அவர் வாடியிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நிரோசினி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ புரொபெசோரே. போயிட்டுக் கெதியா வருவம்."

அவர் கோட்டு மாட்டி வாசல்வரை வந்து நின்றுவிட்டார்.

"தீர்ப்பு இருக்கிறதே, நிரோசினி. உன் தொலைபேசியைக் கொடு. நீதிபதியிடமே கேட்கிறேன்."

கொடுத்தால் வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தாள்.

அவர் கேட்டபடி நீதிமன்றம் அழைத்து நடத்திய விசாரணையில் நீதிபதி கேட்டார்: "மறுபடியும் வழி தவறுமா?"

"தவறலாம்," என்றார் பேராசிரியர்.

தீர்ப்பு மாறவில்லை.

திரும்பும்போது நிரோசினி பொருமினாள். "இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே!"

"அது உண்மையில்லையே."

அன்று மாலை ரொசாலியா நிரோசினியிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, இருவரையும் உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனாள்.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் அறை எடுத்திருந்த கணவன் பிரசாந் தொலைபேசியில் கத்தினான். "பொலிசுக்கு அடிச்சுச் சொல்லு! விட்டிட்டு வா!"

"வேலையை விட்டால் இஞ்ச இருக்கிற பெர்மெஸ்ஸோ அனுமதியை எப்பிடிப் புதுப்பிக்கிறது? இந்த மனுசனை ஆர் பாக்கிறது?"

நிரோசினி பேச்சை முடித்துத் திரும்பினாள். பேராசிரியர் கழுத்துப்பட்டியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இந்தக் கதவுக்குப் பின்னால் நீயும் இருப்பாய் என்று நான் எங்கும் எழுதவில்லை," என்றார்.

பிறகு, "மேல்முறையீடு செய்யலாம்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"வருடங்கள் ஆகும்."

"ஓம், செய்யுங்கோ," என்றாள் நிரோசினி. கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குச் சூப்பைச் சூடாக்கப் போனாள்.