காற்று வராத தோட்டம்

பூட்டுக்காரரின் மனைவி நெஞ்சடைத்து இறந்த பன்னிரண்டாம் நாள் காலையில், தோட்டத்து அவரைக்கொடிப் பந்தலின் கீழிருந்து அவள் குரல், "வாளியை வெயில்ல வைக்காதீங்க, விரிசல் விட்டுடும்" என்றது. அவர் வாளியை நிழலில் வைத்தார். மூன்று பக்கம் மலையும் நாலாவது பக்கம் அடர்ந்த மரங்களுமாக இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் ஓடைக்கரைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக அவள் பேசியதெல்லாம் கலைந்துபோக வழியில்லாமல், சொன்ன இடத்திலேயே தங்கிவிட்டிருந்தது. அங்கே போய் நின்றால் கேட்கும். அவள் இருந்தவரை புதிது புதிதாகப் பேசிக்கொண்டே இருந்ததால் பழையது காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு அதில் பாதிக்கு மேல் புதுச்செய்தி. தோட்டத்து ஓரத்தில்தான் அவருடைய பட்டறை மேஜை. ஒரு சாவிக்கு அரம் போடும்போது அடுத்த சாவியைப் பல்லில் கடித்துக்கொள்வது அவர் வழக்கம். அவள் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சொல்லுவாள். இவர் "ம்" என்பார். ஊர்க் கதவையெல்லாம் திறக்கிற மனுஷனுக்கு வாயில் மட்டும் பூட்டு என்று அவள் கேலி செய்திருந்ததை, கத்தரிப் பாத்தியில் குனிந்தபோது இப்போதுதான் கேட்டார். தனியாகச் சிரித்தார். பசித்தவன் சாப்பிடுவது போலப் பாத்தி பாத்தியாகக் கேட்டுக்கொண்டு போனார்.

ஏழாவது வாரம் ஓடைப் படிக்கு வந்தார். அங்கே குரல் தணிந்திருந்தது.

"நாலு நாளா நெஞ்சுல ஒரு வலிங்க. டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு கூட்டிட்டுப் போறீங்களா?"

கூடவே அரம் உரசும் சத்தம். பிறகு அவருடைய "ம்". அதற்கு மூன்றாம் நாள்தான் அவள் அதே படியில் சரிந்து விழுந்தது. அவர் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த அழுகையும் படியிலேயே தங்கியது.

மகள் வந்து படியருகே நின்று அதையெல்லாம் கேட்டாள். மரங்களை வெட்டிவிட்டால் காற்று வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும், அப்பா பிழைத்துக்கொள்வார் என்று ஆட்களைக் கூட்டிவந்தாள். வெட்டினால் கத்தரிப் பாத்திக் கேலியும் போய்விடுமே என்றார் அவர். ஆட்கள் கோடாரியோடு திரும்பிப் போனார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வெளுத்த சட்டை போட்டு, செருப்பை மாட்டி, வாயில் சாவி இல்லாமல் படிக்கு வந்தார். அவள் கேட்டு முடிக்கும்வரை நின்று, "கிளம்பு, போலாம்" என்றார். ஒன்பது வருஷம் ஒருநாள் தவறவில்லை.

இப்போது அவரும் இல்லை. தோட்டத்தை மகள் பார்த்துக்கொள்கிறாள். காய் வாங்க வருகிறவர்கள் படியருகே நின்றால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லும் அம்மாவின் குரல் ஒருமுறை கேட்கும். ஒரு "ம்" கேட்கும், கொஞ்சம் அழுகை கேட்கும், அதன்பிறகு ஒன்பது வருஷத்துக் "கிளம்பு, போலாம்". முடிய நேரமாகும் என்பதால் மகள் அங்கே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறாள்.